'எல்லாம் நார்மல்' என ஏற்கெனவே டிக் செய்திருந்தால்? கம்ப்யூட்டர் கேஸ் ஷீட்டும் பயிற்சி டாக்டர்களும்

ராயப்பன்பட்டி திராட்சைத் தோட்டத்தில் காலையில் பூச்சிமருந்து அடித்த ஒருவருக்கு மதியம் வாந்தி, வயிற்று வலி, வியர்வை. பார்வையும் லேசாக மங்குகிறது. ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்தான்.

கையில் வெள்ளைத்தாள் இருந்த காலத்தில் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டு, "இன்று காலை மருந்து அடித்தார்" என ஒரு வரி எழுதுவார். நோயைக் காட்டிக்கொடுப்பதே அந்த வரிதான். கண்மணி ஊசிமுனைபோல சுருங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். சுருங்கியிருந்தால் ஆர்கனோபாஸ்பேட் விஷமாக இருக்கலாம்; அட்ரோபின் ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

அதே இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் திரை. வாந்தி, வயிற்று வலி என்று கட்டங்களில் டிக் செய்தால் போதும். 'தொழில்' என்ற கட்டம் மூன்றாவது பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் யார் அங்கே போவார்கள்? 'கண்மணி: நார்மல்' என்று திரையே முன்கூட்டி நிரப்பி வைத்திருந்தால் இன்னும் ஆபத்து. பார்க்காத கண்ணும் பார்த்ததாகப் பதிவாகிவிடும்.

இன்னொரு வில்லன், காப்பி-பேஸ்ட். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 23,630 தினசரிக் குறிப்புகளை அலசிய ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு குறிப்பில் சராசரியாக 18 சதவிகிதம்தான் புதிதாகத் தட்டச்சு செய்தது. 46 சதவிகிதம் பழைய குறிப்பிலிருந்து நகலெடுத்தது, 36 சதவிகிதம் கம்ப்யூட்டரே இழுத்துப் போட்டது. மாணவர்களையும் மூத்த மருத்துவர்களையும்விட அதிகம் நகலெடுத்தவர்கள், பயிற்சியில் இருந்த ரெசிடென்ட் டாக்டர்கள்.

அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வார்டு நிறைய நோயாளிகள், விடிந்தால் ரவுண்ட்ஸ், நேற்றைய குறிப்பை அப்படியே கொண்டுவர ஒரு பட்டன். பட்டனை வைத்தது யார்? ஆனால், நோயாளியின் கதையைக் கேட்டு, யோசித்து, சொந்த வார்த்தையில் எழுதும்போதுதான் ஓர் இளம் மருத்துவர் நோயைக் கணிக்கவே கற்றுக்கொள்கிறார். மருத்துவக் குறிப்பு சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும், கற்றும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-லேயே எழுதியிருக்கிறார்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்பதல்ல. மருந்துக்கடைக்காரருக்கு மட்டுமே புரியும் கையெழுத்துக்கு அதுதான் விடிவு. அலர்ஜி எச்சரிக்கை, பழைய ரத்தப் பரிசோதனை எல்லாம் நொடியில் கிடைக்கின்றன. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க 'ஆபா' எண் மூலம், நோயாளி சம்மதித்தால் ஓர் ஊர் ஆஸ்பத்திரியின் பதிவை இன்னோர் ஊரிலும் பார்க்கலாம். தவறான 'நார்மல்' ஒன்று பதிவாகியிருந்தால் அதுவும் கூடவே பயணப்படும்.

தீர்வு பெரிய செலவு பிடிப்பதும் அல்ல. 'நோயாளி சொன்னது' என்று முதல் பக்கத்திலேயே ஒரு காலிக் கட்டம். டாக்டர் தொடாதவரை 'பார்க்கவில்லை' என்றே காட்டும் பரிசோதனைக் கட்டங்கள். நகலெடுத்த வரிகளுக்குத் தனி நிறம்.

நோயாளிகளும் உதவலாம். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் என்ன வேலை பார்த்தீர்கள், எந்த மருந்து அடித்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். பூச்சிமருந்து டப்பாவின் லேபிளை போனில் படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. சிகிச்சைப் பதிவைக் கேட்டு விண்ணப்பித்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. கைக்கு வந்ததும், அதில் உங்கள் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.