"எனக்கு ஒண்டுமில்ல டீச்சர்": கற்றல் இடர்பாடும் பல்கலைக்கழக வாசலும்

உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கும் எவருக்கும் இப்படியான பிள்ளைகள் பழக்கமானவர்கள். கண்ணகி பாண்டியன் சபையில் வழக்குரைத்ததை வாயால் சொல்லச் சொன்னால் வகுப்பே கேட்டுக்கொண்டிருக்கும்படி சொல்லுவாள். அதையே எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நின்றுவிடுவாள். எழுதியதிலும் ஒரே சொல் மூன்று விதமாக இருக்கும். "வாசிக்கிறதில ஏதும் கஷ்டம் இருக்கா மகள்?" என்று கேட்டால், உடனே பதில் வரும்: "எனக்கு ஒண்டுமில்ல டீச்சர்."

இந்த நிலைமை புதிதல்ல. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர், பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கெட்டிக்காரன், கணக்கும் நன்றாக வரும், ஆனால் வாசிக்க முடியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதலாவதாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் அதில் குறித்துள்ளார். இன்று இதை டிஸ்லெக்ஸியா என்கிறோம். ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலை மூளைக்குக் கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கும் புத்திக் குறைவுக்கும் சம்பந்தமில்லை.

தமிழில் இதை அடையாளம் காண்பதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். நமது கல்முனைப் பக்கப் பேச்சில் 'பழம்' 'பளம்' ஆகிவிடுகிறது. ஆகவே ல, ள, ழ மாறுவதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அது பேச்சு வழக்கின் பாதிப்பு, பயிற்சியால் திருந்தும். கவனிக்க வேண்டியவை வேறு. கெ, கே, கை போன்றவற்றில் மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறியை நாம் முன்னால் எழுதுகிறோம். பத்தாம் தரத்திலும் இதில் தடுமாறுவது, வரி தவறி வாசிப்பது, சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட காலம் நீடித்தால் சோதித்துப் பார்ப்பது நல்லது.

"குர்ஆனை அழகா ஓதுறாவே, இவவுக்கு என்ன வாசிப்புப் பிரச்சினை?" என்று உம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மத்ரஸாவில் பிள்ளை பெரும்பாலும் கேட்டு, திருப்பிச் சொல்லி, மனனம் செய்கிறாள். செவி வழி நினைவாற்றல் பலமாக இருந்தால் கண்வழி வாசிப்பின் சிரமம் வெளியே தெரியாது.

பிள்ளை ஏன் மறுக்கிறாள்? 'குறைபாடு' என்ற சொல்லை ஊர் 'மக்கு' என்றே கேட்கிறது. நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது இது கதையாகிவிடும் என்ற பயம் வீட்டாருக்கும் உண்டு. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ராத்தா வாசித்துக் காட்ட, கூட்டாளியின் நோட்ஸைப் பாடமாக்கி, இரவு விழித்து அவள் சாதாரண தரத்தைச் சொந்த உழைப்பால் தாண்டியிருக்கிறாள். அவளுடைய மறுப்பில் அந்த உழைப்பின் மானம் இருக்கிறது. அதை மதிக்காமல் பேச்சைத் தொடங்க முடியாது.

ஆனால் அந்த வழிகள் பல்கலைக்கழகத்தில் கைகொடுக்காது. ஒலுவிலுக்குப் போனாலும் பேராதனைக்குப் போனாலும் பல பீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில். ஆங்கிலத்திலோ ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல். விடுதியில் வாசித்துக் காட்ட ராத்தா இருக்கமாட்டா. பாடசாலையில் ஆசிரியர் கவனித்துக் கேட்பார். அங்கே தனக்கு என்ன தேவை என்பதை மாணவிதான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில வழிகள்:

முதலாவது, பெயரை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். "உனக்கு டிஸ்லெக்ஸியா" என்பதற்குப் பதிலாக, "ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் போகுது?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, பழைய வினாத்தாள் ஒன்றை வழமைபோல் எழுதட்டும். இன்னொன்றை, கேள்விகளை ஒருவர் வாசித்துக் காட்ட, கூடுதல் நேரத்தோடு எழுதட்டும். இரண்டு விடைத்தாளையும் அவளே பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நமது உபதேசத்தைவிட அது தெளிவாகப் பேசும்.

மூன்றாவது, யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். சாச்சிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, பாடசாலையின் விசேட கல்வி ஆசிரியரையோ வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவையோ நாடி, வைத்திய மதிப்பீட்டுக்கு வழி கேளுங்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற வசதிகளை வைத்தியச் சிபாரிசுடன் அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். இந்த வசதி ஒரு புள்ளியையும் சும்மா தராது, தெரிந்ததை எழுதி முடிக்கத்தான் இடம் தரும். கல்வி நிறுவன அனுமதியில் வலது குறைவைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

ஐந்தாவது, கருவிகள். இன்று கைத்தொலைபேசியே தமிழையும் ஆங்கிலத்தையும் வாசித்துக் காட்டும், சொல்வதை எழுத்தாக்கும். இவற்றுக்கு எந்தப் பெயரும் தேவையில்லை. பிள்ளை இன்னும் மறுத்தாலும் இப்போதே பழகலாம்.

மனம் மாறக் காலம் எடுக்கும், எடுக்கட்டும். விண்ணப்ப முடிவுத் திகதி மட்டும் காத்திருக்காது. இதை மறைக்காமல் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் போகுமுன், தமது நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படியும் இறைவனிடம் கேட்டதை ஸூரா தாஹாவில் ஓதுகிறோம். ஒரு நபி தம் சிரமத்தைச் சொல்லி உதவி கேட்டார், அது அவருடைய தகுதியைக் குறைக்கவில்லை. நம் பிள்ளைகள் மனனமாக ஓதும் இந்த வசனங்களின் பொருளையும் அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம். உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்குமுன்பே அதிபரையும் ஒருதரம் சந்திப்போம்.