வலி நிவாரணிகளும் சிறுநீரகங்களும்

முழங்கால் வலி என்றதும் வைத்தியரை நாடாது மருந்துக் கடையை நாடுவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கடையில் வெட்டிக் கொடுக்கப்படும் நாலைந்து குளிசைகளுடன் வலி அடங்கிவிடுகின்றது. அக்குளிசைகள் சிறுநீரகத்தில் என்ன செய்தன என்பதை எவரும் வினவுவதில்லை.

டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி நிவாரணிகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரொஸ்டகிளான்டின் எனும் பதார்த்தத்தின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அதே பதார்த்தமே, உடலில் நீர் குறையும் வேளையில் சிறுநீரகத்துக்கான குருதிக் குழாய்களை விரித்து வைத்திருக்கின்றது. அது தடைப்படும்போது குழாய்கள் சுருங்கிச் சிறுநீரகத்துக்குக் குருதி போதாமற் போகின்றது. இளவயதினர் ஓரிரு நாட்கள் உட்கொள்வதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. முதியோர், நீரிழிவு நோயாளர், ஏற்கனவே சிறுநீரகம் பழுதடைந்தோர் ஆகியோரின் நிலை வேறு. உயர் குருதியமுக்கத்துக்கென லொசார்டன் அல்லது எனலாபிரில் குளிசையும், சிறுநீரை அதிகரிக்கச் செய்யும் குளிசையும் எடுத்துவரும் ஒருவர் இவற்றையும் சேர்த்துக்கொள்வது மிகவும் ஆபத்தானது. கொளுத்தும் வெயிலில் வயலில் நிற்பவருக்கும், பகல் முழுவதும் நீர் அருந்தாது நோன்பு நோற்பவருக்கும் இவ்வாபத்து மேலும் கூடுகின்றது.

இவ்விடயத்தில் அவுஸ்திரேலியாவின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அஸ்பிரின், பெனசிற்றின், கபீன் ஆகியன கலந்த ‘பெக்ஸ்’, ‘வின்சன்ட்ஸ்’ எனும் தலைவலித் தூள்கள் அங்கு பலசரக்குக் கடைகளிலும் விற்கப்பட்டன. இல்லத்தரசிகள் பலர் அவற்றைத் தேநீருடன் நாள்தோறும் அருந்தினர். இவ்வாறு வருடக்கணக்கில் அருந்தியோரின் சிறுநீரகங்கள் சிதைவதை மெல்பேர்ன் வைத்தியர் பிறிசில்லா கின்கெய்ட்-சிமித் உள்ளிட்டோர் 1960களில் எடுத்துக்காட்டினர். ஆயினும் இத்தகைய கலவைகளின் தாராள விற்பனை 1979ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. உண்மை தெரிந்த பின்னரும் கழிந்த அந்த ஆண்டுகளில் சிறுநீரகங்களை இழந்தோர் பலர். பெனசிற்றின் இன்று வழக்கொழிந்துவிட்டது. கேட்டவுடன் வாங்கி விழுங்கும் பழக்கம் மட்டும் ஒழியவில்லை.

சிறுநீரகம் பழுதடையும்போது வலிப்பதில்லை என்பதே இதிலுள்ள கொடுமை. அதன் தொழிற்பாடு ஏறத்தாழப் பாதியளவு குன்றும்வரை குருதியிலுள்ள கிரியற்றினின் அளவுகூடச் சாதாரணமாகவே தோன்றக்கூடும். கால் வீங்கி, மூச்சு வாங்கி வைத்தியசாலைக்கு வருகையில் சிலருக்குக் குருதிச் சுத்திகரிப்பைத் தவிர வேறு வழியிருப்பதில்லை.

இதற்காக வைத்தியர் எழுதிக்கொடுத்த குருதியமுக்கக் குளிசைகளைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நிறுத்த வேண்டியது எவரும் எழுதிக்கொடுக்காத குளிசைகளையே. சாதாரண வலிக்கு உரிய அளவில் பரசிற்றமோல் பெரும்பாலானோருக்குப் போதுமானது. அதற்கும் அடங்காத வலியெனில், உட்கொண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு வைத்தியரிடம் கொண்டுசென்று காட்டுவதே முறையாகும்.