தொலைக்காட்சிப் பெட்டி செத்துப் போய்விட்டதா?

வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, குடும்பமே முன்கூடத்தில் வந்து உட்காரும் நேரம். அப்போது பார்த்துத் தொலைக்காட்சிப் பெட்டி கண்ணைத் திறக்காமல் கிடந்தால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டிலும் ஒரு நாள் அப்படித்தான் நடந்தது. பட்டணத்துக் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பின்மூடியைத் திறக்காமலே, "போர்டு போய்விட்டது சார், 250 வெள்ளி ஆகும். பேசாமல் புதுசே வாங்கிவிடுங்கள்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மின்கருவிகளைப் பழுது பார்க்கும் என் பழைய மாணவரிடம் கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாகிறதுக்கு முன்னால் எப்படி இருந்தது சார்?" என்பதுதான். யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாரமாகவே சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம். படம் வர முதலில் அரை நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், கடைசியில் ஒன்றுமே இல்லை.

"அப்படியென்றால் இதுவாகத்தான் இருக்கும்" என்று அவர் பின்மூடியைத் திறந்து காட்டினார். மின்சாரப் பலகையில் சிறு சிறு டின்களைப் போல நின்றவை கெப்பாசிட்டர்கள். நல்லவற்றின் தலை தட்டையாக இருந்தது. இரண்டின் தலை மட்டும் பூரியைப் போல உப்பி, ஓரத்தில் பழுப்பு நிறமாகக் கசிந்திருந்தது.

வாசகர்களே, இதன் வேலை என்ன தெரியுமா? குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் நாம் தொட்டியில் பிடித்து வைத்துச் சீராகப் பயன்படுத்துகிறோம் அல்லவா? ஏறி இறங்கி வரும் மின்சாரத்தைக் கெப்பாசிட்டரும் அப்படித்தான் சீராக்குகிறது. பல வருட வெப்பத்தில் அதனுள் இருக்கும் திரவம் வற்றி, ஆவி சேர்ந்து தலை உப்புகிறது. பிறகு பெட்டி எழ முயன்று முயன்று விழுகிறது.

அவர் அந்த இரண்டையும் மாற்றினார். மைக்ரோஃபாரட் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக் கூடாது. 105 டிகிரி வெப்பம் தாங்குவதாக வாங்க வேண்டும். கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று பார்த்துப் பொருத்த வேண்டும் என்று விளக்கினார். பாகத்தின் விலை சில வெள்ளிதான். பெட்டி உயிர் பெற்றது.

நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவை மூன்று உண்டு. வேறொரு விளக்கை அதே சுவிட்சில் செருகிப் பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அதிலுள்ள பியூசை மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்து படம் வராவிட்டால், இருட்டில் டார்ச் விளக்கைத் திரைக்கு அருகே சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பழுது திரைக்குப் பின்னுள்ள விளக்கில் இருக்கலாம்.

அதற்கு மேல் போகாதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தெரிந்தவர்கள் மீட்டரால் அளந்து, அதை வடித்துவிட்ட பிறகே கை வைப்பார்கள். பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் டப்பாவின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைக்கும் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். பியூஸ் எரிந்தது நம்மைக் காப்பாற்றத்தான். மாற்றிய பியூஸ் உடனே மறுபடியும் எரிந்தால், உள்ளே வேறொன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால், முன்கூட்டியே பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றி வையுங்கள்.

கடைக்குப் போனால் பெட்டி எப்படிக் கெட்டது என்று விவரமாகச் சொல்லுங்கள். "எந்தப் பாகம் கெட்டது? கழற்றிய பாகத்தைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நாம் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு அது.

அந்த உப்பிய கெப்பாசிட்டர்கள் இன்றும் என் வகுப்பறை மேசையில் ஒரு சிறு புட்டியில் இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்துப் பார்த்து, "இதற்காகவா சார் 250 வெள்ளி?" என்று கேட்கிறார்கள்.