புத்தகம் ஒண்ணுதான்... பாடம் ஏன் வகுப்புக்கு வகுப்பு மாறுது? திருப்பூர் சொல்லும் பதில்!

காலை எட்டரை மணி. பனியன் கம்பெனி வேன்களும் ஸ்கூல் பசங்களும் ஒரே ரோட்டில் முண்டியடித்துப் போகும் நேரம். அம்மா பவர் டேபிளில், அப்பா கட்டிங்கில், பிள்ளை அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்பில். இதுதான் திருப்பூரில் பல வீடுகளின் கதை. அந்தப் பிள்ளையின் பையில் இருக்கும் கணக்குப் புத்தகமும், நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளையின் கணக்குப் புத்தகமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான்.

அப்போ ஆசிரியருக்கு என்ன வேலை? புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறதா? இல்லவே இல்லை.

பாடத்தை முடிவு செய்றது யாரு?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். கலைத்திட்டம் வேறு, பாடத்திட்டம் வேறு. பிள்ளைகள் எதற்காக, எப்படிக் கற்க வேண்டும் என்ற பெரிய வரைபடம் கலைத்திட்டம். எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்ற பட்டியல் பாடத்திட்டம். அதிலிருந்து வருவதுதான் நம் கைக்குக் கிடைக்கும் புத்தகம்.

மெட்ரிக், ஓரியன்டல், ஆங்கிலோ இந்தியன், ஸ்டேட் போர்டு என்று தமிழ்நாட்டில் நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-ல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் அவற்றை ஒன்றாக்கியது. அதை எல்லா வகுப்புகளிலும் நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9-ல் உத்தரவிட்டது. பிறகு 2017-ல், அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்துப் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தார்கள். 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கான புதுப் புத்தகங்கள் 2018-ல் வந்தன.

அந்தப் புத்தகங்களில் 'பாடநூல் உருவாக்கம்' என்றொரு பக்கம் இருக்கும். யாரும் படிக்காத பக்கம் அது! அதில் பேராசிரியர்களோடு, அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பெயர்களும் அவர்கள் வேலைபார்க்கும் ஊரோடு அச்சாகியிருக்கும். ஆக, பாடம் எழுதும் இடத்திலேயே ஆசிரியர் இருக்கிறார். ஆனால், அவருடைய நிஜமான வேலை புத்தகம் அச்சான பிறகுதான் ஆரம்பிக்குது.

நிட்டிங் மெஷினுக்குள் ஒரு 'பை'

ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு வரும். பை என்றால் 3.14, விட்டத்தால் பெருக்கு, விடையை எழுது. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும்.

திருப்பூரில் இதையே வேறு மாதிரி ஆரம்பிக்கலாம். இங்கே பனியன் துணி, வட்ட வடிவ நிட்டிங் மெஷினில் குழாய் மாதிரி இறங்கும். கம்பெனிகளில் 'டயா 30, கேஜ் 24' என்பார்கள். டயா என்றால் மெஷின் சிலிண்டரின் விட்டம், இன்ச் கணக்கில். கேஜ் என்றால் ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊசி என்பது. அப்படியென்றால், அந்த மெஷினில் மொத்தம் எத்தனை ஊசி இருக்கும்?

3.14 × 30 × 24. சுமார் 2,260 ஊசி!

இதைக் கரும்பலகையில் போட்டால், நிட்டிங்கில் வேலைபார்ப்பவரின் பிள்ளை அன்று சாயங்காலம் வீட்டில் போய் "அப்பா, உங்க மெஷின்ல எத்தனை ஊசி?" என்று கேட்கும். அப்பாவுக்கும் பதில் தெரியும். பள்ளிக்கூடத்துக் கணக்கும் அப்பாவின் வேலையும் முதல் முறையாகச் சந்திக்கும் இடம் அது.

ஜி.எஸ்.எம்-மும் அப்படித்தான். 180 ஜி.எஸ்.எம் துணி என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம். அப்போ ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர மீட்டர்? பரப்பளவும் வகுத்தலும் ஒரே கேள்வியில் முடிந்தது.

அறிவியல் வகுப்பில் நொய்யல் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு. சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கரைசல், சவ்வூடு பரவல், நீர் மாசு என்று புத்தகத்தில் தனித்தனியாகக் கிடக்கும் பாடங்கள் எல்லாம் இந்த ஒரே கதைக்குள் இருக்கின்றன.

தமிழ் தெரியாத முதல் பெஞ்ச்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் இந்தி அல்லது ஒடியா, வகுப்பில் தமிழ். நான்காம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு 'அ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதற்கு ஒரு வழி திறந்துவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் முறை. ஆனால், எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு என்பதைத் தினமும் கண்ணால் பார்த்துச் சொல்ல ஆசிரியரால்தான் முடியும். இது அவருடைய நல்ல மனசு மட்டுமல்ல, கடமையும்கூட. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு.

ஒரு எச்சரிக்கை மணி

"பனியன் ஊர்ப் பிள்ளைக்குப் பனியனை வெச்சே பாடம்னா, கடைசியில் கம்பெனிக்குத்தானே அனுப்பப் பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. தமிழ்நாடு ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார்.

வித்தியாசம் இதுதான். பிள்ளைக்குத் தையல் சொல்லிக்கொடுத்து மெஷினில் உட்காரவைப்பது ஒன்று. தையல் மெஷினைக் காட்டி 'பை'யைப் புரியவைத்து, அந்தப் பிள்ளை விரும்பினால் இன்ஜினீயராகவும் வழி செய்வது இன்னொன்று. முதலாவது கதவை மூடும், இரண்டாவது திறக்கும். 'படிக்கலைன்னா பனியன் கம்பெனிக்குத்தான் போகணும்' என்று வகுப்பில் திட்டும்போது, அந்தப் பிள்ளையின் அம்மா அப்பாவையும் சேர்த்தே திட்டுகிறோம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்றதில்லை?

நேரம் இல்லை. போர்ஷனை முடிக்க வேண்டும், ஆப்பில் பதிவேற்ற வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கேள்வித்தாள் மாநிலம் முழுக்க ஒன்றுதான். அதில் நிட்டிங் மெஷின் வராது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வு போய்விட்டது. அந்த வகுப்பிலாவது கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது.

நாம என்ன பண்ணலாம்?

அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களோடு முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீங்கள் நிட்டிங்கிலோ, பிரிண்டிங்கிலோ, எக்ஸ்போர்ட் ஆபீஸிலோ வேலைபார்க்கிறீர்களா? படித்த பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம், "ஒரு பீரியட் வந்து பேசட்டுமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பையில் ஒரு துண்டுத் துணியும் ஒரு இன்ச் டேப்பும் இருந்தால் போதும்.