நிலவறைக்கும் இலக்கணம் உண்டு

'டயாப்லோ வீடியோ கேமில் நிலவறை ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எல்டன் ரிங் கேமில் எத்தனை முறை போனாலும் அதே இடம்தான். கம்ப்யூட்டரே உலகத்தைப் படைக்கும்போது ஆள் வைத்து வரைவது வீண் வேலை இல்லையா?' காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் படைக்கிறது என்பதையே என்னால் ஏற்க முடியவில்லை. அது செய்வது என்ன என்பதை அவர் ஊரிலேயே, வீரநாராயணப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மார்கழி விடியலில் பார்க்கலாம். சிக்குக் கோலம் போடுகிறவர்களில் சிலர் நோட்டில் உள்ளதை அப்படியே வாசலுக்குக் கொண்டுவருவார்கள். வேறு சிலருக்கு நெளிவுகள் மட்டும் கையில் ஊறியிருக்கும். எத்தனை புள்ளி வைத்தாலும் அவற்றைத் தொடுத்தே நிரப்பிவிடுவார்கள்.

இந்த இரண்டாவது திறமைக்குக் கணித வடிவம் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டவர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் கோலத்துக்கு இலக்கண விதிகள் எழுதி ஆய்விதழில் வெளியிட்டார். ஒரு சிறு துண்டு, அதை வளர்க்கச் சில விதிகள். அவ்வளவில் ஒரே குடும்பத்துக் கோலங்கள் அடுத்தடுத்துப் பெரிதாகிக்கொண்டே போகும்.

1996இல் வந்த முதல் டயாப்லோ தன் தேவாலய நிலவறைகளைக் கட்டுவதும் இப்படித்தான். புள்ளி வைக்கும் தளம் 40க்கு 40 கட்டம். ஒரே நேர்கோட்டில் மூன்று அறைகளுக்கு இடம் உண்டு; அவற்றில் எவை இருக்கும் என்பதைப் பகடைபோல் கணினி உருட்டிய எண் சொல்கிறது. இருப்பவற்றை ஒரு நடைபாதை இணைக்கிறது. பிறகு அறைச் சுவர்களிலிருந்து புது அறைகள் முளைக்கப் பார்க்கின்றன. இடம் இருந்தால் முளைக்கும், இல்லாவிட்டால் நிற்கும். முளைத்த அறையின் சுவர்களிலும் அதே வேலை தொடர்கிறது. இனி முளைக்க இடமில்லை என்றதும் மொத்தப் பரப்பு எண்ணப்படுகிறது. போதாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடக்கம்.

இதில் என்னை மயக்குவது ஒன்று. ஒவ்வோர் அறையும் ஏற்கெனவே நிற்கும் அறையை ஒட்டியே பிறக்கிறது. அதனால் தளம் இரண்டு துண்டாகிப்போக வழியே இல்லை. 'இங்கே போய்ச் சேர முடியுமா' என்ற கவலையை, பிறக்கும் முறையிலேயே தீர்த்துவிட்டார்கள்.

உருட்டும் எண்ணும் கண்மூடித்தனமானதல்ல. முந்தைய எண்ணை 2,26,95,477ஆல் பெருக்கி, 1 கூட்டி, 32 பிட்டுக்குள் அடங்குவதை வைத்துக்கொள்கிறார்கள். தொடக்க எண் ஒன்றானால் நிலவறையும் அச்சு அசலாக ஒன்றே. இந்தக் கணக்குக்கு நடுவிலும் மனிதக் கை இருக்கிறது. புட்சர் என்ற கசாப்பு அரக்கன் காத்திருக்கும் அறை ஆள் வரைந்தது. நிரல் அதற்கு ஓர் இடம் தேடித் தருகிறது, அவ்வளவுதான்.

இப்படி விதியால் உலகம் கட்டும் விளையாட்டுகளின் வரலாறு நீளமானது; இரண்டு பெயர்கள் போதும். 1980இல் ரோக், எழுத்துகளையே சுவராகவும் அரக்கராகவும் வைத்து நிலவறை கட்டியது. 1984இல் எலைட், 32 கிலோபைட் நினைவகக் கணினியில், 8 விண்மீன் மண்டலங்களுக்கு 256 வீதம் 2,048 கோள்களை எண்களிலிருந்து விரித்துக் காட்டியது. இடப்பற்றாக்குறைக்குக் கண்ட வழி அது. இன்று அதுவே விளம்பர வாசகம்.

2016இல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தபோது அதன் கோள்களின் எண்ணிக்கைதான் பெரிதாகப் பேசப்பட்டது: சுமார் 1,84,467 கோடி கோடி. 64 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் அத்தனை. அந்த எண் தொடக்க எண்ணின் நீளத்தைத்தான் அளக்கிறது, கற்பனையை அளக்கவில்லை. தெரு முழுக்க வேறுவேறு கோலங்கள் இருந்தாலும் நெளிவு ஒன்றே என்றால், நாலைந்து வாசல் தாண்டியதும் கண் நிற்காது.

கோலக் கம்பியில் இன்னொரு நுட்பம் உண்டு. நெளிவு விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் கம்பிகள் தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால் முழுக் கோலமும் ஒரே கம்பியாக முடிய வேண்டுமென்றால், மொத்தத்தையும் மனதில் வைத்துப் போட வேண்டும். 2011இல் வந்த, ஆள் வரைந்த உலகமான டார்க் சோல்ஸில் நெடுந்தூரம் போராடிப் போய் ஒரு லிஃப்டில் இறங்கினால், புறப்பட்ட ஃபயர்லிங்க் கோயிலிலேயே வந்து நிற்போம். ஒட்டி ஒட்டி முளைக்கும் விதிக்கு இந்தத் திரும்புதல் தெரியாது. வரைந்தவர் நம் களைப்பையும் கணக்கில் எடுத்து வழியை வளைத்திருக்கிறார்.

ஆக, வரைந்த உலகத்தில் நாம் ஊரைக் கற்கிறோம்: எந்த மூலையில் எதிரி, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று. விதியில் விரியும் நிலவறையில் பழைய வழி உதவாது; எந்த இடத்தில் போட்டாலும் பிழைக்கும் சமயோசிதத்தைக் கற்கிறோம். இரண்டும் உயர்ந்த பயிற்சிகள். இரண்டிலும் மனிதர் உழைத்தாக வேண்டும்: ஒன்றில் ஒவ்வொரு சுவருக்கும், மற்றதில் ஒவ்வொரு விதிக்கும். 'முடிவில்லாத உலகம்' என்று யாராவது விற்க வந்தால், எத்தனை விதமான அறைகளை ஆட்கள் உட்கார்ந்து வரைந்தார்கள் என்று கேளுங்கள். காசு கொடுக்கலாமா என்பதை அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யலாம்.