ஊதுவத்தியும் அதன் நறுமணமும்

மாலை விளக்கேற்றியதும் ஊதுவத்தி கொளுத்தாத சைவ இல்லம் யாழ்ப்பாணத்தில் அரிது. ஆயினும், நாள்தோறும் நாம் கொளுத்தும் அவ்வத்தியுள் இருப்பது யாதென வினவுவோர் மிகச் சிலரே.

நம் முன்னோர் அறிந்த தூபம் வேறு. தூபக்காலிற் சிரட்டைத் தணலிட்டு, அதன்மேற் சாம்பிராணியையோ குங்கிலியத்தையோ தூவுவர். குங்கிலியம் சால மரத்தின் பிசின். சாம்பிராணி சுமாத்திரா முதலிய கீழைத் தீவுகளில் வளரும் மரமொன்றின் பட்டையைக் கீறப் பெறும் பால் இறுகியது. திருக்கடவூரிற் குங்கிலியக்கலய நாயனார், நெல் வாங்குதற்கு மனைவியார் கொடுத்த தாலியை ஈந்து குங்கிலியப் பொதி கொண்டார் என்பது பெரியபுராண வரலாறு. மணப்பொருளை அத்துணை அருமையாக மதித்த காலம் அது.

ஊதுவத்தியின் அமைப்பு எளிது. மூங்கிற் குச்சி, அதன்மேற் கரித்தூளும் மரத்தூளும், இவற்றைப் பிணிக்க ஜிகட் எனப்படும் பசைத்தன்மையுள்ள மரப்பட்டைத் தூள். நீர் விட்டுப் பிசைந்து, குச்சியில் உருட்டி உலர்த்துவர். கொளுத்திச் சுடரை அணைத்தபின் கரி கனன்று கொண்டே இறங்க, அவ்வெம்மையில் அடுத்துள்ள வாசனைப் பொருள் ஆவியாகி எழுகின்றது. பழைய முறையிற் சந்தனத்தூளும் வெட்டிவேரும் கிராம்பும் அப்பிசைவிலேயே சேர்ந்திருந்தன. இன்றைய மலிவான வத்திகளோ மணமற்ற கரிக்குச்சிகளாகவே உருட்டப்பட்டு, பின்னர் வாசனைத் திரவத்தில் தோய்க்கப்படுகின்றன. பெட்டியின்மேல் மல்லிகைப் படம் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரசாயனசாலையில் ஆக்கிய பென்சைல் அசற்றேற்று முதலியன. மல்லிகைப் பூவின் எண்ணெயிலும் அதுவே முதன்மையான கூறாதலின், இதனை முழுப் பொய்யென்று கூறவும் நமக்கு மனம் வரவில்லை.

அகிலின் கதை சுவையானது. மரம் புண்பட்டுப் பூஞ்சணம் பற்றியவிடத்து, தன்னைக் காக்க அது சுரக்கும் பிசினே அகிலின் மணம். நோயற்ற மரத்துக்கு மணமில்லை. நம் தீவின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் வல்லப்பட்டையும் அகிலின் குடும்பத்ததே. 2012ஆம் ஆண்டளவில் அதன் மதிப்பு வெளிப்பட்டதும், காட்டு மரங்களுக்குக் கேடு வந்தது. கடத்தற் பொதிகள் கட்டுநாயக்க விமான நிலையத்திற் பலமுறை பிடிபட்டன.

புகையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஒரு கிராம் ஊதுவத்தி எரிகையில் 45 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நுண்துகள் எழுகின்றதென்றும், ஒரு கிராம் சிகரெட்டில் அது ஏறத்தாழ 10 மில்லிகிராமே என்றும் ஆய்வாளர் அளந்துள்ளனர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதியில் எழும் புகை காற்றோடு போய்விடும். சாளரமடைத்த சிறு பூசையறையில், தொய்வு நோயுள்ள பிள்ளையின் அருகே, அது போக இடமில்லை. அங்கே ஒரு வத்தி போதும், கதவும் திறந்திருக்கட்டும். அதுவும் ஆகாதெனின், கல்லில் அரைத்த சந்தனமும் முற்றத்து நந்தியாவட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.