நனவிலி மனம்: சிறையா, கருவூலமா?

தட்டெழுத்தில் தேர்ந்த ஒருவர் விசைகளைப் பாராமலே விரைந்து அடிப்பார். ஆனால், கீழ்வரிசை எழுத்துகளை முறையாகச் சொல்லுமாறு கேட்டால் தடுமாறுவார். விரலுக்குத் தெரிந்தது அவர் மனத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நம் கவனத்துக்கு எட்டாத வகையில் தெரியும். இவ்வாறு கவனத்துக்கு அப்பால் இயங்குவதையே நனவிலி மனம் என்பர்.

வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் (1856–1939), அடக்கப்பட்ட ஆசைகளும் அச்சங்களும் உறையும் சிறைபோல் அதனைக் கருதினார். 1970-களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் பாண்ட்லரும், மொழியியல் அறிஞர் ஜான் கிரிண்டரும் ‘நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்’ என்னும் முறையை உருவாக்கினர். நரம்பு, மொழி, பழக்கம் ஆகிய மூன்றையும் இணைத்து மனத்தைப் பயிற்றலாம் என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்கு நனவிலி மனம் சிறையன்று. வாழ்நாளில் கற்றவை யாவும் சேர்ந்துள்ள கருவூலம்.

இக்கருத்துக்குப் பெரிதும் துணை நின்றவர், அறிதுயில் மருத்துவத்தில் புகழ்பெற்ற மில்டன் எரிக்சன் (1901–1980). பதினேழாம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கி, மீண்டும் நடக்கப் பழகியவர் அவர். நோயாளியின் உள்ளத்திலேயே நலம் பெறும் ஆற்றல் உண்டு என்று அவர் நம்பினார்.

கவனத்துக்கு அப்பால் கல்வி நிகழ்வதற்குச் சான்று உண்டா? உண்டு. வலிப்பு நோயைத் தணிக்க 1953-இல் ஹென்றி மோலைசன் என்னும் அமெரிக்கருக்கு மூளை அறுவை நடந்தது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவை வரையுமாறு உளநூல் அறிஞர் பிரெண்டா மில்னர் அவரைப் பயிற்றினார். நாளுக்கு நாள் பிழைகள் குறைந்தன. முன்பு பழகியதோ அவர் நினைவில் இல்லை!

ஆகவே கருவூலம் என்னும் உவமையில் உண்மை உண்டு. ஆனால் அதைத் திறக்கும் திறவுகோல் தம்மிடம் இருப்பதாக இம்முறையார் கூறுவதை அப்படியே ஏற்க இயலாது. கண் இடப்புறம் மேலே சென்றால் நினைவு, வலப்புறம் மேலே சென்றால் கற்பனை என்பர் அவர்கள். இதைக் கொண்டு பொய்யைக் கண்டறியலாம் என்று சிலர் பரப்பினர். ரிச்சர்ட் வைஸ்மனும் அவருடன் ஆய்ந்தோரும் 2012-இல் இதனைச் சோதித்து, கண்ணசைவுக்கும் பொய்க்கும் தொடர்பில்லை எனக் கண்டனர்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் பிழையன்று. நேர்முகத் தேர்வில் கண்ணை உயர்த்திய இளைஞனைப் பொய்யன் என்று தள்ளினால், அவன் பிழைப்பே கெடும். மனச்சோர்வால் வாடுபவர் மருத்துவரை நாடாமல் சில நாட் பயிற்சியையே நம்பினால், அவர் நலம் கெடும்.

நனவிலி மனம் உண்டு; அது நாள்தோறும் நமக்காக உழைக்கிறது. அதன் பெயரால் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து ஏற்பதோ நனவு மனத்தின் கடமை.